மீன்பாடு குறைந்த கரையிலிருந்து: மன்னார் வளைகுடா, பாக் விரிகுடா பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் பாம்பன் பக்கத்துக் கடற்கரைக் குடும்பத்தில் பிறந்தவன். அப்பா நாட்டுப் படகில் தொழிலுக்குப் போனவர், அம்மா கடற்பாசி எடுக்கப் போனவர். வெளியூரில் யாரைப் பார்த்தாலும் எங்கள் கடலைப் பற்றி ஏதாவது கேட்பார்கள். சென்னையில் மீன் வாங்குகிறவர்கள் கேட்பார்கள், கல்லூரிப் பிள்ளைகள் கேட்பார்கள், சில சமயம் எங்கள் ஊர்ப் பையன்களே கேட்பார்கள். திரும்பத் திரும்ப வந்த கேள்விகளையும் நான் சொல்லிவந்த பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

மார்க்கெட்டில் மீன் நிறையத்தானே கிடைக்கிறது? எங்கே குறைந்தது?

உங்கள் ஊர் மார்க்கெட்டில் குறையாது. ஒரு கரையில் மீன் இல்லையென்றால் வியாபாரி இன்னொரு கரையிலிருந்து வரவழைத்துவிடுவார். ஆந்திரா, ஒடிசா, குஜராத் மீனெல்லாம் ஐஸ் பெட்டியில் ஏறித் தமிழ்நாட்டுக்கு வருகிறது. தட்டில் விழுகிற மீனை வைத்துக் கடலைக் கணக்குப் போட முடியாது.

எங்களுக்குக் கணக்கு வேறு. எவ்வளவு தூரம் போனோம், எத்தனை லிட்டர் டீசல் எரிந்தது, எத்தனை மணி நேரம் வலை தண்ணீரில் கிடந்தது, கடைசியில் பங்கு பிரித்தால் ஆளுக்கு என்ன மிஞ்சியது என்பதுதான் கணக்கு. அப்பா காலத்தில் விடியுமுன் பாய் விரித்துப் போய் காலைச் சாப்பாட்டுக்குக் கரை திரும்புவார்கள். இன்று அதே அளவு மீனுக்கு இன்ஜின் வைத்த படகு அதைவிடப் பல மடங்கு தூரம் ஓட வேண்டியிருக்கிறது.

மீனின் வகையும் மாறிவிட்டது. வேளா மீனை என் வயதுக்காரர்கள் பெரும்பாலும் பார்த்ததே இல்லை. முகத்தில் ரம்பம்போல நீண்ட கொம்பு உள்ள மீன் அது. அந்தக் கொம்பைக் கோயிலுக்கும் சர்ச்சுக்கும் நேர்த்திக்கடனாகக் கொடுத்த வழக்கம் உண்டு. கொம்பு இன்னும் சில இடங்களில் மாட்டியிருக்கிறது, மீனைத்தான் காணோம்.

ஏன் குறைந்தது? ஒரே காரணம் சொல்ல முடியுமா?

ஒரே காரணம் இல்லை. ஆனால் எல்லாக் காரணத்துக்கும் ஒரே எடையும் இல்லை. என்னைக் கேட்டால் முதலில் இழுவைமடியைச் சொல்வேன்.

1950-களில் நார்வே நாட்டு உதவியோடு கேரளத்தில் எந்திரப் படகுத் திட்டம் தொடங்கியது. 1960-களில் இறாலுக்கு வெளிநாட்டில் நல்ல விலை கிடைக்க ஆரம்பித்ததும் இழுவைப் படகுகள் பெருகின. எங்கள் கரைக்கும் வந்தன. அரசாங்கமே கடன் கொடுத்தது, மானியம் கொடுத்தது. யாரும் திருட்டுத்தனமாக இதைத் தொடங்கவில்லை.

இழுவைமடி எப்படி வேலை செய்கிறது என்று பார்த்தால் விஷயம் புரியும். பை மாதிரியான வலை. அதன் வாய் விரிந்தே இருக்க இரண்டு பக்கமும் கனமான பலகை. அடியில் ஈயமோ சங்கிலியோ கட்டியிருக்கும். படகு இழுக்க இழுக்க அது கடல்தரையை அரைத்துக்கொண்டே வரும். ஆழமான கடலில் இதன் பாதிப்பு ஒரு விதம். பாக் விரிகுடாவின் சராசரி ஆழமோ பத்து மீட்டர்கூட வராது. அங்கே தரை முழுக்கக் கடற்புல். எங்கள் ஆட்கள் தாழை என்பார்கள். ஓராவும் விளமீனும் நண்டும் இறாலும் குஞ்சாக இருக்கும்போது ஒளிந்து வளர்கிற இடம் அதுதான். நெல் விளையும் முன்னே வயலை நாற்றோடு உழுதுபோடுவதை எங்காவது பார்த்திருக்கிறீர்களா? அங்கே நடப்பது அதுதான்.

அப்புறம் பவளப்பாறை. தூத்துக்குடிப் பக்கத்துத் தீவுகளைச் சுற்றிப் பல ஆண்டுகள் பவளக்கல்லை வெட்டிச் சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் கொண்டுபோனார்கள். பாறைதான் தீவுக்கு அரண். அரண் போனதும் அலை நேரே தீவை அடித்தது. மன்னார் வளைகுடாவில் ராமேஸ்வரம் முதல் தூத்துக்குடி வரை இருந்த 21 தீவுகளில் பூவரசன்பட்டியும் விலாங்குச்சல்லியும் தண்ணீருக்குள் போய்விட்டன. பவளத்தை வனவிலங்குச் சட்டத்தின் கீழ் 2001-ல் கொண்டுவந்தார்கள். அதற்குப் பிறகுதான் வெட்டு படிப்படியாக நின்றது.

கடல்நீர் சூடாவது இன்னொன்று. 2010-லும் 2016-லும் பவளங்கள் பெரிய அளவில் வெளுத்தன. 2016 கோடையில் மட்டும் மன்னார் வளைகுடாவில் உயிருள்ள பவளப் பரப்பு சுமார் 39 விழுக்காட்டிலிருந்து 23 விழுக்காடாகக் குறைந்தது என்று தூத்துக்குடி சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிறுவனத்தார் பதிவு செய்தார்கள். இதற்கு எங்கள் வலை காரணம் இல்லை. ஆனால் ஏற்கெனவே அடிவாங்கிய பாறை சூட்டைத் தாங்காது.

நாட்டுப் படகுக்காரர்களிடமும் தவறு உண்டு, அதை மறைக்கக் கூடாது. சிறு படகிலேயே தள்ளுமடி என்ற சின்ன இழுவைவலையைக் கட்டி இழுக்கிறவர்கள் இருக்கிறார்கள். கண்ணி (வலையின் துளை) சிறிய வலையைக் கரையோரத்திலேயே விரிப்பவர்களும் இருக்கிறார்கள்.

சங்காயம் என்று சொல்கிறார்களே, அது என்ன மீன்?

அது ஒரு மீனின் பெயர் இல்லை. இழுவைமடியில் ஏறி, மனிதன் சாப்பிட விலைபோகாத பொடிக்கழிவு எல்லாவற்றுக்கும் சேர்த்துச் சங்காயம் என்று பெயர். கூடைக் கணக்கில் ஏலம் போகும். காயவைத்து மீன்தூளாக்கிக் கோழித் தீவனத்துக்கும் இறால் பண்ணைக்கும் அனுப்புவார்கள்.

ஒருநாள் காலை படகுத்துறையில் ஒரு சங்காயக் கூடையைக் கீழே கொட்டிக் குச்சியால் பிரித்துப் பார்த்தேன். காரல் இருந்தது, சூடை இருந்தது, அது பரவாயில்லை. நடுவே சுண்டுவிரல் நீளத்தில் விளமீன் குஞ்சுகள். ஓடு இன்னும் கெட்டிப்படாத நண்டுக் குஞ்சுகள். உள்ளங்கை அகலத்தில் ஒரு திருக்கைக் குட்டி, வால் மட்டும் நூல்போல நீண்டிருந்தது. பக்கத்தில் நின்ற பாட்டி ஒருவர் அந்த விளமீன் குஞ்சை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, "இது ஒண்ணு வளந்தா ஒரு வீட்டுக்குக் குழம்பாகும்பா" என்றார். அந்தக் கூடை விலைபோன தொகையில் ஒரு நல்ல விளமீன்கூட வாங்க முடியாது.

சட்டத்தில் இழுவைமடியின் கடைப்பையில், அதாவது மீன் போய்ச் சேரும் வால்பகுதியில், கண்ணி 40 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. அந்த அளவை ஒழுங்காகக் கடைப்பிடித்தால் இந்தக் குஞ்சுகளில் பாதி தப்பிவிடும். புது வலை வாங்கும் செலவை யார் ஏற்பது என்ற இடத்தில்தான் பேச்சு நின்றுபோகிறது.

கடல்வளப் பாதுகாப்பு என்பதெல்லாம் வெளியிலிருந்து வந்த பேச்சுதானே? மீனவர்கள் முன்பு கட்டுப்பாடா வைத்திருந்தார்கள்?

வைத்திருந்தார்கள். தூத்துக்குடிச் சங்குக்குளிப்பில் விட்டம் 57 மில்லிமீட்டருக்குக் குறைந்த சங்கை உயிரோடு திரும்பக் கடலில் விட்டுவிட வேண்டும் என்ற விதி நெடுங்காலம் இருந்தது. முத்துக்குளிப்பை எடுத்துக்கொள்ளுங்கள். பாரில், அதாவது சிப்பி வளரும் கடலடித் திட்டில், சிப்பி முதிர்ந்திருக்கிறதா என்று முன்கூட்டியே பார்த்த பிறகுதான் குளிப்பு அறிவிப்பார்கள். முதிரவில்லை என்றால் எத்தனை வருடமானாலும் காத்திருப்பார்கள். தூத்துக்குடியில் கடைசிக் குளிப்பு 1961-ல் நடந்தது. அதன்பின் சிப்பி அந்த அளவுக்குத் திரும்பவில்லை.

எங்கள் பக்கத்தில் இன்னொரு ஏற்பாடு உண்டு. வாரத்தில் மூன்று நாள் விசைப்படகு (இழுவைமடி போடும் பெரிய எந்திரப் படகு), மீதி நான்கு நாள் நாட்டுப் படகு. ஒரே நாளில் இரண்டும் போனால் எங்கள் செவுள்வலையை இழுவைமடி வாரிக்கொண்டு போய்விடும். அதனால் அடிதடி, படகு எரிப்பு எல்லாம் நடந்தது. அதற்கப்புறம் பேசி முடிவான முறை இது. மீனைக் காக்க என்று யாரும் இதை ஏற்படுத்தவில்லை, ஆனாலும் கடலுக்குக் கொஞ்சம் மூச்சுவிட நேரம் கிடைத்தது.

ஊர்க் கட்டுப்பாடு என்ற வார்த்தைக்கு இன்றும் எங்கள் கரையில் மரியாதை இருக்கிறது. அதிகாரி போட்ட அபராதத்துக்குப் பயப்படாதவன்கூட ஊர்க்கூட்டத்தில் பேர் வாசிப்பார்கள் என்றால் பயப்படுவான்.

மீன்பிடித் தடைக்காலம் எத்தனை நாள்? யாருக்கெல்லாம்?

கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள். மேற்குக் கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. தமிழ்நாட்டில் 2001-ல் 45 நாளாகத் தொடங்கி 2017-ல் 61 நாளாக நீட்டினார்கள். விசைப்படகுகளுக்குத்தான் தடை. நாட்டுப் படகுகள் போகலாம். குடும்பத்துக்கு நிவாரணமாக 5,000 ரூபாய் கொடுத்துவந்ததை 8,000 ஆக உயர்த்துவதாக முதலமைச்சர் 2023 ஆகஸ்டில் மண்டபத்தில் நடந்த மீனவர் மாநாட்டில் அறிவித்தார்.

பலன் உண்டா என்றால், உண்டு. தடை முடிந்த முதல் வாரம் படகு நிறைந்து வரும். ஆனால் அந்த முதல் வாரத்திலேயே எல்லாப் படகும் ஒரே நேரத்தில் பாய்ந்து, இரண்டு மாதம் வளர்ந்ததை இரண்டு வாரத்தில் அள்ளிவிடுகிறது. தடைக்காலத்தோடு கண்ணி அளவும், படகு எண்ணிக்கையும் சேர்ந்தால்தான் சேமிப்பு நிற்கும். மாதச் சம்பளத்தை வங்கியில் போட்டுவிட்டு மறுநாளே எடுத்துச் செலவழித்தால் அதைச் சேமிப்பு என்று சொல்வோமா?

தடைக்காலத்தில் மீன் வாங்குவது தப்பா?

தப்பே இல்லை. அந்த இரண்டு மாதம் கரையில் விற்பது பெரும்பாலும் நாட்டுப் படகு மீன். விலை கூடுதலாக இருக்கும். கொடுத்து வாங்குங்கள், அந்தக் காசு சிறு மீனவர் வீட்டுக்குப் போகிறது.

தேசியப் பூங்கா வந்ததால் உங்களுக்கு நன்மையா, தொல்லையா?

இரண்டும். 21 தீவுகளையும் சுற்றியுள்ள கடலையும் சேர்த்து 560 சதுர கிலோமீட்டரை 1986-ல் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவித்தார்கள். 1989-ல் 10,500 சதுர கிலோமீட்டர் உயிர்க்கோளக் காப்பகமானது. 2001-ல் யுனெஸ்கோவின் உலக உயிர்க்கோளக் காப்பகப் பட்டியலிலும் சேர்ந்தது.

எங்கள் முன்னோர் காற்றுக்கு ஒதுங்கியதும், வலை காயவைத்ததும், கஞ்சி காய்ச்சிக் குடித்ததும் அந்தத் தீவுகளில்தான். ஒருநாள் அதற்குள் போனால் குற்றம் என்றார்கள். யாரும் ஊருக்குள் வந்து உட்கார்ந்து பேசவில்லை. பாசி எடுக்கப் போன பெண்களின் படகைப் பிடித்துவைத்த கதைகளைக் கேட்டு வளர்ந்தவன் நான். என் அம்மாவின் பாசிப் பையை ஒருமுறை கரையிலேயே கொட்டச் சொன்னார்கள். ஒரு முழுநாள் உழைப்பு மணலில் கிடந்தது. அந்தக் கோபம் எங்கள் வீட்டில் ரொம்ப நாள் இருந்தது.

பின்னாளில் ஊருக்கு ஊர் சூழல் மேம்பாட்டுக் குழு அமைத்தார்கள், பெண்களுக்குச் சிறு கடன் கொடுத்தார்கள், எங்கள் பையன்களையே காவலர்களாக எடுத்தார்கள். பேச்சுவார்த்தை என்று ஒன்று அப்போதுதான் வந்தது. இன்று தீவோரத்துப் பாறை மீதமிருக்கிறது என்றால் அதற்குப் பூங்காவும் காரணம் என்று சொல்ல எனக்குத் தயக்கம் இல்லை. ஆரம்பத்திலேயே கேட்டுச் செய்திருந்தால் இருபது வருடச் சண்டை மிச்சமாகியிருக்கும்.

பாசி எடுக்கும் பெண்களே தங்களுக்குக் கட்டுப்பாடு போட்டுக்கொண்டார்கள் என்பது உண்மையா?

உண்மை. இந்தப் பக்கத்தில் நான் மிகவும் எழுத விரும்பிய பதில் இதுதான்.

முதலில் அந்த வேலையைச் சொல்லிவிடுகிறேன். ராமநாதபுரம் கரையில் ஆயிரக்கணக்கான பெண்கள் இதைச் செய்கிறார்கள். மரிக்கொழுந்துப் பாசி, கட்டக்கோரை, கஞ்சிப்பாசி என்று வகை உண்டு. அகர் அகர் செய்யவும் வேறு தொழிற்சாலை வேலைகளுக்கும் போகிறது. அம்மா விடியற்காலையில் கிளம்புவார். சேலைக்கு மேல் பழைய சட்டை. கண்ணுக்குக் கண்ணாடி. பாறை கிழிக்காமல் இருக்க விரல் ஒவ்வொன்றிலும் துணி சுற்றிக் கட்டுவார். காலில் ரப்பர் செருப்பு, சிலர் தகரத் தட்டை வெட்டித் துடுப்புபோல் கட்டிக்கொள்வார்கள். இடுப்பில் வலைப்பை. மூச்சைப் பிடித்து உள்ளே போய் ஒரு பிடி பிடுங்கி மேலே வந்து மூச்சுவிடுவார், திரும்பவும் உள்ளே. ஐந்து மணி நேரம், ஆறு மணி நேரம். சாயங்காலம் துணியை அவிழ்க்கும்போது விரல் நுனியெல்லாம் வெளுத்துச் சுருங்கி, அங்கங்கே கீறல். அந்த விரலால்தான் எனக்குச் சோறு பிசைந்து கொடுப்பார். உப்புத் தனியாகப் போட வேண்டாம் என்று சிரிப்பார்.

பாசி குறைவதை முதலில் கவனித்ததும் அவர்கள்தான். இரும்பால் சுரண்டி எடுத்தால் வேரோடு, பாறைத் துணுக்கோடு வந்துவிடுகிறது. அப்புறம் அந்த இடத்தில் முளைப்பதில்லை. அதனால் பல ஊர்களில் பெண்கள் கூடிப் பேசி முடிவெடுத்தார்கள். சுரண்டக் கூடாது, கையால்தான் பிடுங்க வேண்டும். மாதத்தில் 12 நாள்தான் போவது. அமாவாசையை ஒட்டி ஆறு, பவுர்ணமியை ஒட்டி ஆறு. அந்த நாட்களில்தான் நீர் நன்றாக வற்றும், இடம் தெரியும். மற்ற நாட்களில் பாசி வளரட்டும். கோடையில் விசைப்படகு நிற்கும் காலத்தில் 45 நாள் தாங்களும் நிற்பது. அந்த 45 நாளைக்குக் கையில் காசு கிடையாது என்று தெரிந்தேதான் முடிவெடுத்தார்கள்.

பாம்பன் சின்னப்பாலத்தைச் சேர்ந்த லட்சுமி மூர்த்தி இந்தப் பெண்களை ஒன்றுசேர்த்தவர். 2015-ல் சீகாலஜி என்ற பன்னாட்டு அமைப்பு அவருக்கு விருது கொடுத்தது. விருது வந்தபோது எங்கள் பக்கத்துப் பெண்கள் பட்ட சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. மீனவர் என்று சொன்னால் ஆணைத்தான் நினைக்கிறார்கள், மீனவர் அடையாள அட்டைக்குக்கூட இந்தப் பெண்கள் வருடக்கணக்கில் கேட்டு நிற்க வேண்டியிருந்தது.

பாசியை வளர்த்தே விற்கலாமே? காட்டுப்பாசியைப் பறிக்க வேண்டாமே?

வளர்க்கிறார்கள். மூங்கில் மிதவையில் கப்பாபைகஸ் என்ற பாசியைக் கட்டி வளர்ப்பது 2000-க்குப் பிறகு மண்டபம் பக்கத்தில் பரவியது. பல குடும்பங்களுக்கு நல்ல வருமானம் கொடுத்தது, அதை மறுக்க முடியாது. ஆனால் அது நம் கடலில் பிறந்த பாசி இல்லை, வெளியிலிருந்து கொண்டுவந்தது. குருசடைத் தீவில் அது பவளத்தின் மேல் போர்வைபோலப் படர்ந்து மூச்சை அடைத்துவிட்டது. பாசி வளர்ப்பை நான் எதிர்க்கவில்லை. 2023-ல் ராமநாதபுரம் மாவட்டத்தில் கடற்பாசிப் பூங்காவுக்கு அடிக்கல் நாட்டினார்கள், அது நன்றாக நடக்கட்டும். மன்னார் வளைகுடாப் பவளத்துக்குப் பக்கத்தில் அந்நியப் பாசி வேண்டாம், நம் பாசியை வளர்க்கும் வழியைத் தேடுங்கள் என்பதே என் கோரிக்கை.

கடற்பசுவைக் காப்பாற்றினால் மீனவனுக்கு என்ன கிடைக்கும்?

எங்கள் ஆட்கள் அதை ஆவுளியா என்பார்கள். ஒரு காலத்தில் கறிக்காகப் பிடித்தார்கள், அதையும் ஒத்துக்கொள்ள வேண்டும். ஆவுளியா முழுக்கப் புல் தின்னி. ஒரு நாளைக்கு 30, 40 கிலோ கடற்புல் தின்னும். மூன்று முதல் ஏழு வருடத்துக்கு ஒருமுறை ஒரே ஒரு குட்டி போடும். அதனால் ஒன்று செத்தாலே பெரிய இழப்பு. இந்தியாவிலேயே இருநூற்றுச் சொச்சம்தான் மீதம் என்பது கணிப்பு.

மீனவனுக்கு லாபம் அந்தப் புல்லில் இருக்கிறது. ஆவுளியா மேயும் இடம் என்றால் அங்கே புல் நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். புல் இருந்தால் நண்டும் இறாலும் ஓராவும் இருக்கும். தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கரையை ஒட்டி 448 சதுர கிலோமீட்டர் கடலைத் தமிழ்நாடு அரசு 2022 செப்டம்பரில் கடற்பசுப் பாதுகாப்பகமாக அறிவித்தது. இந்தியாவில் இதுவே முதல். அங்கே மீன்பிடிப்பைத் தடை செய்யவில்லை, நாட்டுப் படகுக்காரர்கள் வழக்கம்போல் தொழில் செய்யலாம். பூங்கா விஷயத்தில் செய்த தவறை இங்கே செய்யவில்லை என்பது எனக்குப் பெரிய ஆறுதல்.

புல் அழிந்த இடத்தில் நட்டுப் பார்க்கும் வேலையும் நடக்கிறது. பாக் விரிகுடாவில் ஓம்கார் என்ற தொண்டு நிறுவனம் மூங்கில் சட்டத்தில் தென்னங்கயிறு பின்னி, அதில் புல்லைக் கட்டிக் கடல்தரையில் இறக்குகிறது. மூங்கிலும் கயிறும் மக்கிப்போகும், புல் வேர்பிடித்துக்கொள்ளும். அந்த வேலைக்குக் கைகொடுப்பவர்களும் உள்ளூர் மீனவர்கள்தான்.

வலையில் ஆவுளியாவோ ஆமையோ மாட்டிவிட்டால்?

இரண்டும் மூச்சுவிட மேலே வந்தாக வேண்டிய உயிர்கள், அதனால் நேரம்தான் முக்கியம். ஆவுளியா என்றால் வலையை அறுத்துவிடுங்கள். வலை போச்சே என்று யோசிக்காதீர்கள். உயிரோடு விட்டவர்களுக்கு வனத்துறை பாராட்டும் வெகுமதியும் கொடுத்துவருகிறது. முடிந்தால் கைபேசியில் படம் எடுத்துக்கொண்டு தகவல் சொல்லுங்கள்.

ஆமை அசைவில்லாமல் கிடந்தால் செத்துவிட்டது என்று தூக்கிப் போடாதீர்கள். நுரையீரலில் தண்ணீர் போயிருக்கும். பின்பக்கத்தைக் கொஞ்சம் உயர்த்தி, நிழலில் ஈரத்துணி போட்டு வைத்தால் பல சமயம் சில மணி நேரத்தில் தெளிந்துவிடும், அப்புறம் மெதுவாக இறக்கிவிடலாம். 2025 ஜனவரியில் சென்னைக் கரையில் ஆயிரத்துக்கு மேல் பங்குனி ஆமைகள் செத்து ஒதுங்கியதைப் பார்த்தோம். இழுவைமடியில் ஆமை தப்பிக்க ஒரு வழி வைத்தால் போதும், பெரும்பகுதி பிழைத்திருக்கும். அந்த வழி இல்லாத வலையில் பிடித்த இறால் வேண்டாம் என்று அமெரிக்கா 2019-லேயே நம் கடல் இறாலை நிறுத்திவிட்டது, அந்த நஷ்டமும் மீனவர் தலையில்தான் விழுந்தது.

போன பவளம் திரும்ப வருமா?

மெதுவாக வரும். உயிருள்ள சிறு துண்டுகளைச் சிமெண்டுச் சட்டத்தில் கட்டி நடுகிறார்கள். தூத்துக்குடிக்கு அருகே வான் தீவு கரைந்து மறையும் நிலைக்கு வந்தபோது, அலை வரும் பக்கம் சிமெண்டால் செய்த செயற்கைப் பாறைகளை வரிசையாக இறக்கினார்கள். அலையின் வேகம் குறைந்தது, மணல் ஒதுங்கியது, தீவு கொஞ்சம் கொஞ்சமாக மீண்டது. பாறைகளில் மீனும் கூடியது. ஆனால் இன்னொரு 2016 வந்தால் என்ன ஆகும் என்ற பயம் எனக்கு ஒவ்வொரு கோடையிலும் வரும்.

கடல் அட்டைத் தடை நியாயமா?

கடல் அட்டை என்பது கடல்தரையில் வெள்ளரிக்காய் வடிவில் கிடக்கும் உயிர். 2001-ல் ஒரே உத்தரவில் அதன் எல்லா வகையையும் பிடிக்கக் கூடாது என்றார்கள். அதையே நம்பியிருந்த, மூழ்கி எடுக்கும் குளியாட்கள் ஒரே நாளில் குற்றவாளிகளானார்கள். எதிர்க்கரையில் இலங்கையில் அது அனுமதியுள்ள தொழில். அதனால் கடத்தல் வளர்ந்தது. அட்டை குறைந்துபோனது உண்மை, காக்க வேண்டியதும் உண்மை. ஆனால் கேட்காமல் மூடியதால் காவல்காரனாக இருக்க வேண்டியவனே கள்ளனானான். எண்ணிக்கையை ஒழுங்காக ஆராய்ந்து, பருவம் வைத்து, ஊருக்குப் பொறுப்புக் கொடுத்துத் திறக்கலாமா என்று பேசவாவது வேண்டும்.

அப்படியென்றால் விசைப்படகுக்காரர்கள்தான் எதிரிகளா?

இல்லை. அந்தப் படகில் வேலை செய்கிறவர்கள் என் கூடப் படித்தவர்கள். படகு முதலாளி வேறு, பங்குக்குப் போகிற தொழிலாளி வேறு. எல்லை தாண்டிப் பிடிபட்டு இலங்கைச் சிறையில் கிடப்பது பெரும்பாலும் தொழிலாளிதான்.

எதிர்க்கரையில் மன்னாரிலும் யாழ்ப்பாணத்திலும் இருப்பவர்களும் நம் மொழி பேசுகிறவர்கள். போர்க் காலத்தில் வருடக்கணக்கில் கடலுக்கே போக முடியாமல் இருந்தவர்கள். 2009-க்குப் பிறகு கடன் வாங்கி வலை விரித்தால் நம் இழுவைமடி அதை அறுத்துக்கொண்டு போகிறது. இலங்கை 2017-ல் சட்டம் போட்டு இழுவைமடியையே தடை செய்துவிட்டது. அவர்கள் கேட்பதில் நியாயம் இருக்கிறது என்று எங்கள் கரையிலேயே பலர் மெதுவாகச் சொல்கிறார்கள். நான் சத்தமாகவே சொல்கிறேன்.

அதே 2017-ல் இழுவைப் படகுகளைக் கொடுத்துவிட்டு ஆழ்கடலில் சூரை பிடிக்கும் தூண்டில் படகு வாங்கும் திட்டம் வந்தது. படகு விலை 80 லட்சம், அதில் 70 விழுக்காடு மானியம். 2,000 படகு இலக்கு வைத்தார்கள், மாறியவர்கள் அதில் சிறு பகுதிதான். மீதிப் பணத்துக்குக் கடன், வாரக்கணக்கில் கடலில் தங்கும் பழக்கம் இல்லாதது, சூரைக்கு நிலையான விலை இல்லாதது என்று காரணம் உண்டு. ஒருநாள் போய் மறுநாள் வீடு திரும்பியவனை இருபது நாள் நடுக்கடலில் இரு என்றால், அவனுக்குப் பயிற்சியும் துணையும் வேண்டும், மானியம் மட்டும் போதாது.

மீனவர்களே கடலை மூடி வைத்துப் பலன் கண்ட இடம் எங்காவது உண்டா?

மெக்ஸிகோவில் காபோ புல்மோ என்ற சின்ன ஊர். மீன் தீர்ந்துபோனதைக் கண்ட மீனவக் குடும்பங்களே கேட்டு 1995-ல் 71 சதுர கிலோமீட்டர் கடலைப் பூங்காவாக்கினார்கள், பிடிப்பையும் நிறுத்தினார்கள். 1999-க்கும் 2009-க்கும் இடையில் அங்கே மீனின் மொத்த எடை நான்கரை மடங்குக்கு மேல் கூடியது என்று அளந்து சொன்னார்கள்.

எனக்கு அதைவிடப் பிடித்தது மடகாஸ்கர் கதை. ஆண்டவடோகா என்ற ஊரார் 2004-ல் ஒரு பாறைத்திட்டை மட்டும் சில மாதம் மூடினார்கள். அங்கே பிடிக்கிற பேய்க்கணவாய் (ஆக்டோபஸ்) வேகமாக வளரும் உயிர் என்பதால் திறந்த நாளிலேயே வித்தியாசம் கண்ணில் தெரிந்தது. பக்கத்து ஊர்கள் கேட்காமலே பின்பற்றின. கடலை முழுதாக மூட வேண்டியதில்லை, ஒரு துண்டை, சில மாதத்துக்கு, ஊரே சேர்ந்து மூடினால் போதும். எங்கள் அம்மாக்கள் பாசியில் செய்ததும் இதே கணக்குதான்.

மீன் வாங்குகிற நாங்கள் என்ன செய்யலாம்?

குட்டி மீன் கேட்காதீர்கள். ஒன்றரை அடிக்குக் குறைந்த வஞ்சிரம் பெரும்பாலும் ஒருமுறைகூட முட்டை போடாதது. சினை நண்டு ருசி என்று தேடி வாங்காதீர்கள். வஞ்சிரம், வாவல் என்று இரண்டே பெயரில் நிற்காமல் காரல், ஓரா, முரல், நகரை என்று கேட்டு வாங்குங்கள். சோற்றுக்குக் காரல் சொதியைவிட நல்ல துணை எனக்குத் தெரியாது. எந்தப் படகு மீன் என்றும் கேளுங்கள். கேள்வி வரத் தொடங்கினால் வியாபாரி பதில் வைத்திருக்கக் கற்றுக்கொள்வார்.

உங்கள் வீட்டுப் பிள்ளைகளைக் கடலுக்கு அனுப்புவீர்களா?

படிக்க அனுப்புகிறோம். அக்கா மகன் டிப்ளமோ முடித்துவிட்டு, வேலை சரியாக அமையாமல், மாமா கூட வர்றேன் என்று நண்டு வலைக்கு வந்தான். முதல் வாரம் அலைக்கு வாந்தி எடுத்தான். போகப் போகப் பழகிவிட்டது.

போன மாதம் ஒரு விடிகாலையில் வலையைத் தூக்கும்போது ஒரு பெரிய நண்டு, வயிற்றடியில் கருத்த சினை. நல்ல விலை போகும். கால்கள் வலையில் தாறுமாறாகச் சுற்றியிருந்தன. இழுத்தால் கால் ஒடியும். அவன் என்னைப் பார்க்கவேயில்லை. கத்தியை எடுத்து ஒவ்வொரு கண்ணியாக நாலைந்தை அறுத்தான். நண்டை இரண்டு கையாலும் பின்பக்கமாகப் பிடித்துத் தண்ணீரில் இறக்கினான். வலை கிழிந்துபோச்சேடா என்றேன்.

"கரைக்குப் போய்த் தைச்சுக்கலாம் மாமா" என்று அடுத்த வலையைத் தூக்கப் போய்விட்டான்.